முகாம் மேசை முன் முதல் ஒரு நிமிடம்: டெல்டாவிலிருந்து வேலை தேடிப் புறப்படுகிறவர்களுக்கு

நான்கு வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவள் நான். திருவாரூரில் இரண்டு, நாகப்பட்டினத்தில் ஒன்று, தஞ்சாவூரில் ஒன்று. ஐந்தாவதில் வேலை கிடைத்தது. இதற்கிடையில் என் பி.காம். மாறவில்லை, மதிப்பெண் கூடவில்லை, சுடிதார்கூட அதேதான். மேசை முன் உட்கார்ந்ததும் வாயிலிருந்து வந்த முதல் நாலு வரி மட்டும்தான் மாறியது.

இப்போது துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஆள் எடுக்க முகாமுக்குப் போகும்போது எங்கள் எச்.ஆர். சார் என்னையும் கூட்டிப்போவார். மேசைக்கு அந்தப் பக்கமும் மூன்று முறை உட்கார்ந்துவிட்டேன். நான் செய்த அதே தப்புகளை நம் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து செய்வதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்து சுற்று நேர்காணல் வைக்கிற பெரிய ஐடி கம்பெனிகளுக்குத் தயாராகிறவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பாபநாசம், சீர்காழி என்று எங்கிருந்தாவது முதல் பஸ் பிடித்துத் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகிறவர்களுக்கானது இது.

1. முகாம் எங்கே, எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்தான் இந்த முகாம்களை நடத்துகிறது. பழைய ஆட்கள் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்பார்கள். சின்ன முகாம்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்திலேயே நடக்கும். பெரிய முகாம்கள் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் நடக்கும். செய்தித்தாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாக வரும், கண்ணில் படாமல் போய்விடும். அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் ஒருமுறை பதிந்துவைத்தால் எந்தக் கம்பெனி வருகிறது, என்ன வேலைக்கு என்று முன்கூட்டியே பார்க்கலாம். அதைப் பார்க்காமல் போகாதீர்கள். ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

அனுமதி இலவசம். பதிவும் இலவசம். "முகாமுக்குச் சீட்டு வாங்கித் தர்றேன், முந்நூறு ரூபா கொடு" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

வீட்டில் ஒரு பயம் இருக்கும்: தனியார் வேலைக்குச் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடுமோ என்று. போகாது. அரசு வேலைக்கான சீனியாரிட்டி அப்படியே இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மட்டும் மறக்காதீர்கள்.

2. கோப்பைத் தயார் செய்யுங்கள், பெயரைச் சரிபாருங்கள்

பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், டிகிரி அல்லது டிப்ளமோ சான்றிதழ் (வரவில்லையென்றால் புரொவிஷனல்), டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார். ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ். பயோடேட்டா பத்துப் பிரதி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு. ஒரு நீல மைப் பேனா, ஒரு ஸ்டேப்ளர். ஸ்டேப்ளரைக் கேலியாக நினைக்காதீர்கள், முகாமில் அதைக் கேட்டு அலைகிறவர்கள் ஏராளம்.

எனக்கு ஆன செலவு: பயோடேட்டா டைப் செய்து பிரின்ட் எடுக்க 120 ரூபாய், ஜெராக்ஸ் 90, போட்டோ 80, கோப்பு 40. பஸ், சாப்பாடு தனி. முதல் முகாமுக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த முகாம்களுக்கு இருநூறு போதும்.

அசல் சான்றிதழைக் கொண்டுபோகலாம், காட்டலாம், கொடுக்கக் கூடாது. "சேர்ற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று கேட்கும் கம்பெனி இருக்கிறது. கொடுத்துவிட்டு ஒரு வருஷம் அலைந்த பெண்ணை எனக்குத் தெரியும். பத்தாவது, பன்னிரண்டாவது பட்டியல்கள் அரசின் டிஜிலாக்கர் செயலியில் கிடைக்கும். போனில் இறக்கி வைத்திருந்தால் அசலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில்.

அடுத்தது தலைப்பெழுத்து. நம் ஊரில் பாதிப் பேருக்கு இதில்தான் சிக்கல். சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக நீண்டு கிடக்கும். முகாமில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குத் திறக்கும்போது மாட்டும். பத்தாவது சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மாற்றிக்கொள்வது நல்லது. ஆதார் மையத்தில் கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அதனால் அங்கே தட்டச்சு செய்கிற பிள்ளை அவசரப்பட்டாலும் நீங்கள் திரையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

3. பயோடேட்டா ஒரு பக்கம், போன் சுத்தம்

பயோடேட்டா ஒரே பக்கம் போதும். "ஆப்ஜெக்டிவ்" என்று மேலே நாலு வரி இங்கிலீஷ் இருக்கிறதே, அதைத் தூக்குங்கள். டி.டி.பி. சென்டரில் எல்லோருக்கும் ஒரே வரியைத்தான் ஒட்டித் தருகிறார்கள். ஒரே நாளில் இருபது பேரிடம் எழுத்துப் பிசகாமல் அதே வரியைப் படித்திருக்கிறேன், பிழை உட்பட. மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் நீங்கள் செய்த வேலையை எழுதுங்கள்.

போன் நம்பர் எப்போதும் ரீசார்ஜில் இருப்பதாக இருக்கட்டும். அண்ணன் நம்பர் கொடுத்தால், அவர் திருப்பூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் எடுத்து "யாரு? அவ இங்க இல்ல" என்று வைத்துவிடுவார். எனக்கே நடந்தது. மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும், காலேஜ் முதல் வருஷம் விளையாட்டாகத் தொடங்கிய செல்லப்பெயர் முகவரி வேண்டாம். வாட்ஸ்அப் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்கள் அழைப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன்.

4. அந்த நாலு வரியை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

இதுதான் முக்கியம். மற்றதெல்லாம் அவசரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சமாளித்துவிடலாம்.

என் முதல் முகாம். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் ஆள் எடுக்க வந்தவர். நான் ஆரம்பித்தேன்: பெயர், அப்பா பெயர், ஊர், அப்பா விவசாயம், அம்மா வீட்டில், அண்ணன் திருப்பூரில், தங்கை பிளஸ் டூ. அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. நீங்க என்ன வேலை பார்ப்பீங்க?"

"எந்த வேலையா இருந்தாலும் பார்ப்பேன் சார்."

பயோடேட்டாவை வாங்கிக் கட்டின் மேல் வைத்தார். அவ்வளவுதான்.

"எந்த வேலையா இருந்தாலும்" என்பது நமக்குப் பணிவு. நடவுக்கு ஆள் கூப்பிட்டால் நாற்றும் பறிப்போம், கட்டும் சுமப்போம், வரப்பும் வெட்டுவோம். எதற்கும் முகம் சுளிக்காதவர் என்றுதான் அதற்கு ஊரில் அர்த்தம். மேசைக்கு அந்தப் பக்கம் அது வேறு மாதிரி விழுகிறது. "இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அதற்கே தெரியவில்லை" என்று விழுகிறது. அவரிடம் நாலு வேலை இருக்கும்: பில்லிங், ஸ்டோர்ஸ், தரச் சோதனை, மெஷின் ஓட்டுவது. உங்களை எதில் போடுவது என்று அவர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது யோசிக்க மாட்டார்.

இரண்டாவது, மூன்றாவது முகாமுக்கு இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "மைசெல்ஃப்" என்று தொடங்கி "மிடில் கிளாஸ் ஃபேமிலி" வரை வந்து நின்றுவிட்டேன். மனப்பாடத்தில் ஒரு வார்த்தை விழுந்தால் பின்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து விழும். மறுபடி "மைசெல்ஃப்" என்று முதலிலிருந்து தொடங்கினேன். இன்னும் நினைத்தால் காது சூடாகிறது.

நான்காவது முகாம், தஞ்சாவூர். ஒரு மேடம் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, "டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம். வீட்லதான். சும்மா, உரக்கடையில கணக்கு எழுதிட்டிருந்தேன்."

"என்ன கணக்கு?"

சொன்னேன். உர மூட்டை விற்கும்போது விவசாயியின் ஆதார் நம்பரைப் போட்டு, விரல் ரேகை வைத்து, பிஓஎஸ் மெஷினில் பில் அடிக்க வேண்டும். மெஷின் காட்டும் இருப்பும் குடோனில் உள்ள மூட்டையும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் வேளாண்மைத் துறையிலிருந்து பார்க்க வரும்போது கடைக்காரருக்குத் தலைவலி. சம்பா மேலுரம் போடும் சமயம் யூரியாவுக்கு வரிசை கடைவாசல் தாண்டி ரோட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் கடை சாத்தும்போது நான் குடோனுக்குப் போய் 45 கிலோ யூரியா மூட்டையையும் 50 கிலோ டிஏபி மூட்டையையும் தனித்தனியாக எண்ணி மெஷினோடு ஒப்பிடுவேன். ஒருநாள் மெஷின் 14 மூட்டை அதிகம் காட்டியது. தேடிப் பார்த்தால், இரண்டு நாள் முன்பு சர்வர் படுத்திருந்தபோது நோட்டில் எழுதிக் கொடுத்த 14 மூட்டை மெஷினில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து நோட்டுக்கும் மெஷினுக்கும் தனியாக ஒரு ஒப்பீட்டுத் தாள் போட்டேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை ஏன்மா பயோடேட்டாவுல எழுதல? எங்ககிட்ட இப்ப டெலிகாலர் வேலைதான் இருக்கு. ஆனா அடுத்த இடத்துல உக்கார்ந்ததும் முதல்ல இதைச் சொல்லுங்க."

ஐந்தாவது முகாமில் நான் சொன்னது இது. அப்படியே தருகிறேன்:

"வணக்கம் சார். பி.காம். முடிச்சிருக்கேன். ரெண்டு வருஷம் உரக்கடையில இருப்புக் கணக்கு பார்த்தேன், தினமும் குடோன் இருப்பையும் மெஷின் இருப்பையும் ஒத்துப் பார்ப்பேன். உங்க கம்பெனியில ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட் வேலை இருக்குன்னு இணையத்துல பார்த்தேன். அதுக்கு வந்திருக்கேன்."

பெயர் சொன்னதையும் சேர்த்து இருபது விநாடி. அவர் கேட்ட அடுத்த கேள்வி, "கணக்கு ஒத்து வரலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்னிடம் 14 மூட்டைக் கதை கையில் இருந்தது.

உங்களுடையதை இப்படிக் கட்டுங்கள். பெயர், படிப்பு ஒரு வரி. கையால் செய்த ஒரு வேலை, முடிந்தால் ஓர் எண்ணோடு. எந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று பெயர் சொல்லி ஒரு வரி. கடைசி வரி சொல்ல வேண்டுமென்றால் எந்தக் கம்பெனி எதற்கு ஆள் எடுக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். முதல் படியில் இணையத்தைப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

"நான் எங்கேயும் வேலை பார்க்கலையே" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். நம் பக்கத்தில் படித்த பிள்ளை சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை, யாராவது ஒரு வேலை வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மாமாவுக்குத் துணையாக நின்றிருப்பீர்கள்: 40 கிலோ எடை, 17 சதவீதத்துக்குள் ஈரப்பதம், ஒரு நாளைக்கு எத்தனை சிப்பம். அது தரச் சோதனை வேலை. மகளிர் குழுவில் அம்மாவுக்குத் தீர்மான நோட்டும் தவணைக் கணக்கும் எழுதியது நீங்கள்தான். அது ஆபீஸ் வேலை. அறுவடை மெஷின் வந்தபோது யார் வயலுக்கு எத்தனை மணிக்கு என்று போன் போட்டு வரிசைப்படுத்தியிருந்தால், அதற்குக் கம்பெனியில் பிளானிங் என்று பெயர். பொய் சேர்க்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும்.

தமிழா, இங்கிலீஷா? அவர் கேட்ட மொழியில் பதில் சொல்லுங்கள். இங்கிலீஷில் கேட்டு உங்களுக்கு வரவில்லையென்றால், "முதல் ரெண்டு வரி இங்கிலீஷ்ல சொல்றேன் சார், வேலை விவரம் தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். நான் உட்கார்ந்த மேசையில் இப்படிக் கேட்ட மூன்று பேரில் இரண்டு பேரை எடுத்தோம்.

நாலு வரியையும் எழுதிப் படிக்காதீர்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரலை நீங்களே கேட்பது முதலில் கொடுமையாக இருக்கும். மூன்றாவது தடவை பழகிவிடும். நான் மாட்டுக்கொட்டகையில் நின்று பேசிப் பழகினேன். மாடு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தங்கை சிரித்தாள்.

5. காலையில் கிளம்புவது

அறிவிப்பில் பத்து மணி என்று இருந்தால் எட்டரைக்கு வாசலில் இருங்கள். பதிவு வரிசையிலேயே ஒரு மணி நேரம் போகும். உள்ளூர்ச் சம்பளத்துக்கு நல்ல வேலை தருகிற மேசைகள் மதியத்துக்குள் ஆள் எடுத்து முடித்துவிடும். பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் மார்க்கெட்டிங், காப்பீடு மேசைகள்தான் காலியாக இருக்கும். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. விருப்பமிருந்து போங்கள், வேறு இல்லை என்று போகாதீர்கள்.

பெண்களுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, ஆனால் ஊர்விட்டு ஊர் போகிற பஸ்ஸுக்கு உண்டு. வழியில் மாறிப் போவதென்றால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உடை: துவைத்து இஸ்திரி போட்டது, அவ்வளவுதான். ஆண்கள் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடிக்காமல் வாருங்கள். திருநீறு, பொட்டு, தொப்பி, முக்காடு எதையும் யாருக்காகவும் அழிக்க வேண்டாம். புதுச்செருப்பு போடாதீர்கள். கல்லூரி வளாகத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும், கடிக்கும். ஒரு தண்ணீர் பாட்டில், இரண்டு இட்லிப் பொட்டலம்.

6. மேசை முன்

பயோடேட்டாவை நேராகப் படிக்கும்படி அவர் பக்கம் திருப்பிக் கொடுங்கள். வணக்கம் சொல்லுங்கள். கை கொடுத்தால் கை கொடுங்கள், நீங்களாக நீட்ட வேண்டாம். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். போன் சைலன்ட்டில் பைக்குள் போகட்டும், மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து அப்பாவோ மாமாவோ கூட வருவது நம் பக்கத்தில் வழக்கம். வரட்டும். ஆனால் மரத்தடியில் உட்காரட்டும், மேசைக்கு வர வேண்டாம். போன முறை ஒரு பையன், நல்ல ஐ.டி.ஐ. ஃபிட்டர். நாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவன் அப்பாவே பதில் சொன்னார். "தம்பி ரொம்ப நல்ல பையன் சார், குடி கிடி எதுவும் கிடையாது." பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெல்டிங் அளவு தெரியுமா என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவே இல்லை.

ஊர் கேட்டால் தாலுகாவைச் சொல்லுங்கள். ஓசூரிலிருந்தோ ஸ்ரீபெரும்புதூரிலிருந்தோ வந்தவருக்கு உங்கள் கிராமம் தெரியாது. "மன்னார்குடி பக்கம்" என்றால் போதும். ஆள் பிடித்துக் கொடுக்கும் உள்ளூர்க்காரர் சிலர் விடாமல் "மன்னார்குடி பக்கம் எங்க? எந்தத் தெரு?" என்பார்கள். அது எதற்கான கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதில் சொல்லக் கடமை இல்லை. "பஸ் ஸ்டாண்டுலேருந்து பத்து நிமிஷம் சார், காலை ஷிஃப்டுக்கு வர முடியும்" என்று வேலைப் பக்கம் திருப்பிவிடுங்கள். சண்டை போடவும் வேண்டாம், நெளியவும் வேண்டாம்.

அவர் முடித்ததும் "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்பார். பாதிப் பேர் "இல்ல சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் மதிப்பு கூடத்தான் செய்யும். கம்பெனி ரோலா (கம்பெனியே நேரடியாக எடுப்பது), கான்ட்ராக்டா? எந்த ஷிஃப்ட்? தங்க இடம் உண்டா, அதற்குப் பிடித்தம் எவ்வளவு? கையில் வருவது எவ்வளவு?

கடைசிக் கேள்விக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு, அதில் உங்கள் பங்கு 0.75 சதவீதம். மொத்தம் 15,000, அதில் அடிப்படை 12,000 என்று வையுங்கள். பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 113. கையில் 13,447. விடுதி, சாப்பாடு பிடித்தம் இருந்தால் அதிலிருந்தும் குறையும். போஸ்டரில் 18,000 என்று போட்டிருப்பது சில சமயம் கம்பெனி கட்டும் பங்கையும் ஓவர்டைமையும் சேர்த்த கணக்காக இருக்கும். அதனால்தான் "கையில்" என்ற வார்த்தையைப் போட்டுக் கேட்கச் சொல்கிறேன்.

7. காசு கேட்டால்

சீருடைக்கு, பயிற்சிக்கு, ஐடி கார்டுக்கு, எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். முகாமை நடத்தும் அலுவலர் அங்கேயேதான் இருப்பார், அவரிடம் சொல்லுங்கள்.

வெளியே வாசலில் சிங்கப்பூர், துபாய் என்று நோட்டீஸ் கொடுப்பவர்கள் நிற்பார்கள். அவர்களுக்கும் முகாமுக்கும் சம்பந்தம் இல்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்டுக்கு மத்திய அரசின் உரிமம் இருக்க வேண்டும், இமைகிரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கட்டும் முன் இதை வீட்டில் ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள்.

8. திரும்பி வந்த பிறகு

எந்தெந்த மேசையில் உட்கார்ந்தீர்கள், யார் பேசினார், என்ன சம்பளம் சொன்னார் என்று பஸ்ஸிலேயே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து போன் வந்து "நாங்க சனிக்கிழமை பேசினோமே" என்றால், "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்கும்படி இருக்கக் கூடாது.

அன்று மாலையே ஒரு செய்தி அனுப்பலாம், நம்பர் கொடுத்திருந்தால் மட்டும். "ஹாய் சார்" வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். "வணக்கம் சார். இன்று முகாமில் ஸ்டோர்ஸ் வேலைக்கு உங்களைச் சந்தித்தேன். உரக்கடையில் இருப்புக் கணக்கு பார்த்தவள். எப்போது அழைத்தாலும் வர முடியும்." கீழே பெயர், நம்பர். பத்து நாள் பதில் இல்லையென்றால் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். இரண்டு தடவைக்கு மேல் கேட்க வேண்டாம்.

எனக்குப் பதினோராவது நாள் போன் வந்தது. நடவு நேரம், சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்ததில் முதல் அழைப்பு போய்விட்டது. நல்லவேளை, அவரே மறுபடி அழைத்தார். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடாதீர்கள், அந்த இரண்டு வாரமும்.

9. சேரும் நாள்

ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ நாலு, சான்றிதழ் நகல்கள். முன்பு வேறெங்காவது பி.எஃப். இருந்தால் அந்த யுஏஎன் நம்பர். பணிநியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, எச்.ஆர். சொன்ன சம்பளம்தான் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அறிமுகம் அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், இந்த முறை கூட வேலை பார்க்கிறவர்களிடம். எச்.ஆர். சாரைவிட இவர்கள்தான் கடினம். வாட்ச்மேன் அண்ணனிலிருந்து தொடங்குங்கள். கேட்டில் தினமும் பார்க்கப்போவது அவரைத்தான். டிகிரியைப் பற்றி யாரிடமும் முதலில் எடுக்காதீர்கள்.

எங்கள் ஸ்டோர்ஸில் இருபது வருஷமாக இருக்கிற அண்ணன் ஒருவர், நான் உள்ளே போனபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்த ஊரும்மா?"

"திருத்துறைப்பூண்டி பக்கம்ண்ணே. உரக்கடையில ரெண்டு வருஷம் மூட்டை எண்ணியிருக்கேன்."

சாவிக்கொத்தை மேசைமேல் தள்ளினார். "அப்ப அந்த மூணாவது ரேக்குல இருக்கிற போல்ட் பெட்டியை எண்ணு, பார்ப்போம்."

எண்ணினேன். ஏட்டில் இருந்ததைவிட இரண்டு குறைந்தது.